முள் சொன்ன சாட்சி



"காருக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இம்மாதம் ஒரு பழைய காரின் பழுதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் அந்தப் பழுதுக்கு வழி காட்டியது காரின் சொந்தக்காரரும் அல்ல, கராஜ்காரரும் அல்ல. பக்கத்து ஆசனத்தில் பயந்துகொண்டிருந்த ஒரு தாய்.

2023 ஓகஸ்ட் மாதத்தில், இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் வசிக்கும் என் தங்கை வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். மச்சானிடம் 1970 ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. ஜீ.டி. கார் ஒன்று இருக்கிறது. எம்.ஜி.பி. என்பது 1962 முதல் 1980 வரை அங்கிருந்து பத்துக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள அபிங்டன் என்ற சிற்றூரில் செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார். 5 இலட்சத்துக்கும் மேல் செய்து உலகெங்கும் அனுப்பினார்கள். 1798 சீ.சீ. கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின், இரண்டு காபரேட்டர்கள். பல வருடச் சேமிப்பில் வாங்கிய அந்தக் காரை மச்சான் பிள்ளையைப் போலத்தான் பார்த்துக்கொண்டார்.

நான் போன நேரம் அந்தக் காரினால் வீட்டில் மனஸ்தாபம். சில நாட்களுக்கு முன் ஏ-34 பெருந்தெருவில், பின் ஆசனத்தில் ஏழு வயது மகனும் இருக்க, எஞ்சின் திடீரென்று செத்துப்போனது. பின்னால் பெரிய லொறி. ஓரம் ஒதுங்க இடமில்லை. இரண்டு விநாடி கழித்து 'டப்' என்ற வெடிச் சத்தத்தோடு எஞ்சின் தானாகவே உயிர்பெற்றது. அன்று தப்பியது பெரும் பாக்கியம். அதற்குப் பிறகும் மூன்று தடவை அப்படி நடந்துவிட்டது.

"நானா, இந்தக் காரை விக்கச் சொல்லுங்க. பிள்ளைய வெச்சிக்கொண்டு இனி இதுல ஏற மாட்டேன்" என்றாள் தங்கை.

"உனக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் மச்சான்.

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் கீழே எழுதுகிறேன்.

ஊகத்தின் செலவு

மச்சான் சும்மா இருக்கவில்லை. முதலில் நான்கு ப்ளக்குகளையும் மாற்றினார். குறை போகவில்லை. கொயிலை மாற்றினார். பிறகு கண்டென்சர், ரோட்டர், ப்ளக் வயர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினார். ஒரு கராஜில் காட்டியபோது, காபரேட்டர் இரண்டையும் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். வீட்டு வாசலில் எஞ்சினைப் போட்டால் அரை மணித்தியாலம் ஓடினாலும் ஒரு தடவைகூடத் தடுமாறாது. தெருவில் இறங்கினால்தான் கோளாறு.

அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற ஆங்கிலேய மெக்கானிக் ஒருவர் இருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். மச்சான் அவரை அழைத்து வந்தார். நான் எதிர்பார்த்தபடி அவர் பொனட்டைத் திறக்கவில்லை. ஒரு கதிரையைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டு, கேள்வி கேட்கத் தொடங்கினார். எஞ்சின் நின்றது குளிர்ந்திருந்தபோதா, சூடான பிறகா? ஒரே வேகத்தில் போகும்போதா, மிதிக்கும்போதா? மெல்ல மெல்லச் சோர்ந்ததா, விளக்கு அணைந்ததுபோல் நின்றதா? அப்போது ஆர்.பி.எம். மீட்டரின் முள் என்ன செய்தது?

மச்சானிடம் பதில் இல்லை. பாவம், பின்னால் லொறி வரும்போது யார் மீட்டரைப் பார்ப்பது!

தேநீர் கொண்டுவந்த தங்கை நின்ற இடத்திலேயே சொன்னாள்: "நாலு தரமும் எஞ்சின் சூடாகின பொறகுதான். ஒரே சீரா வந்து, கொஞ்சம் மிதிச்ச உடனேதான் நிக்கிது. முள்ளு சடார்னு சைபருக்கு விழும். கார் ஓடிக்கொண்டுதான் இருக்கும், முள்ளு மட்டும் செத்துப்போகும்." கடைச் சாமான் எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில் திகதி, இடம், நேரம் எல்லாம் குறித்தும் வைத்திருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நாம் குறித்து வைப்பதில்லையா, அதே பழக்கம்.

மச்சான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் கிழவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அப்படியானால் பாதி வேலை முடிந்தது" என்றார்.

முள் ஏன் விழுந்தது?

இதை விளங்கிக்கொள்ள, பெற்றோல் எஞ்சின் எப்படிப் பற்றுகிறது என்று சற்றுப் பார்ப்போம். சமையலறையில் அடுப்பு எரிய எரிபொருளும் காற்றும் நெருப்பும் வேண்டும். எஞ்சினுக்கும் அப்படியே. பெற்றோலும் காற்றும் அளவாகக் கலந்து வர வேண்டும். சிலிண்டருக்குள் அது நன்றாக அழுத்தப்பட வேண்டும். சரியான நேரத்தில் தீப்பொறி விழ வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் எஞ்சின் 'மிஸ்' பண்ணும்.

பழைய கார்களில் பொறி உண்டாகும் முறையை வகுத்தவர் சார்ள்ஸ் கெற்றரிங் என்ற அமெரிக்கர். 1910 களின் தொடக்கத்தில் கெடிலாக் கார்களில் வந்த அந்த முறைதான் பிறகு உலகெங்கும் பரவியது. பெட்டரியின் 12 வோல்ற் மின்சாரம் கொயிலின் ஒரு சுற்றினூடாக ஓடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் 'பொயின்ட்' என்ற சிறு கதவு திறந்ததும் அந்த ஓட்டம் அறுகிறது. அறும் அந்த நொடியில் கொயிலின் மற்றச் சுற்றில் பத்தாயிரம் வோல்ற்றுக்கும் மேல் எழுகிறது. ரோட்டர் அதை முறை வைத்து நான்கு ப்ளக்குகளுக்கும் பங்கிடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றும்போது அந்தச் சிறு கதவு விநாடிக்கு 100 தடவை திறந்து மூடும். எம்.ஜி.பி.யில் அதன் திறப்பு 0.4 மில்லிமீற்றருக்கும் குறைவு. தடித்த அட்டைக் கடதாசி ஒன்றின் கனம்தான்.

எனவே இங்கே இரண்டு பாதைகள் உண்டு. பெட்டரியிலிருந்து பொயின்ட் வரை உள்ளது 12 வோல்ற் பாதை. கொயிலிலிருந்து ப்ளக் வரை உள்ளது உயர் வோல்ற் பாதை. அந்த வருடத்து எம்.ஜி.பி.யில் ஆர்.பி.எம். மீட்டர், 12 வோல்ற் பாதையின் துடிப்பை எண்ணித்தான் முள்ளை அசைக்கிறது. எஞ்சின் தடுமாறும்போது முள் அசையாமல் நின்றால், 12 வோல்ற் பாதை நல்லது. குறை ப்ளக், வயர், ரோட்டர் பக்கத்திலோ பெற்றோலிலோ இருக்கலாம். கார் கியரில் ஓடிக்கொண்டிருக்க முள் சைபருக்கு விழுந்தால், 12 வோல்ற் பாதைதான் எங்கோ அறுகிறது.

தங்கையின் ஒரு வார்த்தையினால் ப்ளக்குகளும் காபரேட்டர்களும் குற்றமற்றவை என்று விடுதலையாகிவிட்டன. அந்த 'டப்' சத்தமும் அதற்கு ஒத்துப்போனது. பொறி இல்லாத இரண்டு விநாடியில் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய்ச் சேர்ந்து, பொறி திரும்பியதும் அங்கே வெடித்தது.

மறைந்திருந்த முறிவு

கிழவர் இப்போதுதான் பொனட்டைத் திறந்தார். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். காபரேட்டரிலிருந்து அதற்கு மெல்லிய குழாய் ஒன்று வரும். கார் சீராக ஓடும்போது எஞ்சினின் உறிஞ்சல் அந்தக் குழாய் வழியே வந்து, பொயின்ட் பொருத்திய தட்டைச் சற்றுத் திருப்பும். பொறி கொஞ்சம் முந்தி விழும். அக்சிலரேட்டரை மிதித்தால் உறிஞ்சல் குறைந்து தட்டு பழைய இடத்துக்குத் திரும்பும். இந்தக் காரில் எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது அந்த உறிஞ்சல் வராது, தட்டு அசையாது.

அவர் பொயின்டுக்கு வரும் சிறு வயரின் இரு முனையிலும் மீட்டரை மாட்டினார். மின்சாரம் போகிறது என்று மீட்டர் காட்டியது. பிறகு குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். தட்டு திரும்பியது. விட்டார், தட்டு மீண்டது. மறுபடி உறிஞ்சி விட்டார். மூன்றாம் தடவை மீட்டர் செத்துப்போனது!

விரல் நீளம்கூட இல்லாத அந்த வயரின் வெளித்தோல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே உள்ள செப்பு இழைகள் பல வருடம் வளைந்து வளைந்து முறிந்திருந்தன. தட்டு அசையும்போது முறிந்த முனைகள் விலகின. பிறகு தாமாகவே தொட்டுக்கொண்டன. வாசலில் குறை தெரியாததற்கும் தெருவில் தெரிந்ததற்கும் அதுவே காரணம். அந்த வயரின் விலை, மச்சான் ஏற்கனவே செலவழித்ததில் மிகச் சிறு பங்கு.

புதிது என்பதால் நல்லதல்ல

புது வயர் போட்டு மூவரும் ஒரு சுற்றுப் போய் வந்தோம். முள் ஒரு தடவையும் விழவில்லை. ஆனால் மேட்டில் ஏறும்போது மெல்லிய தடுமாற்றம் ஒன்று தெரிந்தது. "இது முந்தி இருக்கல்ல. நீங்க சாமான் எல்லாம் மாத்தின பொறகு வந்தது" என்றாள் தங்கை. இந்தத் தடவை மச்சான் மறுத்துப் பேசவில்லை.

முள் அசையவில்லை, ஆகவே குறை உயர் வோல்ற் பக்கம். மேட்டில் மட்டும் வருவதும் அதையே சொன்னது. பாரம் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் ப்ளக்கின் இடைவெளியைப் பொறி தாண்ட அதிக வோல்ற் வேண்டும். எங்காவது காப்பு பலவீனமாக இருந்தால், மின்சாரம் அந்த இலகுவான வழியாலேயே ஓடிவிடும்.

கிழவர் கொயிலின் தடித்த வயரை, காப்பிட்ட குறட்டினால் பிடித்து ரோட்டரின் பித்தளைத் தகட்டுக்கு அருகே வைத்தார். மச்சானை எஞ்சினைச் சுற்ற வைத்தார். நல்ல ரோட்டரில் பொறி பாயக் கூடாது, ஏனெனில் அடியில் காப்பு இருக்கிறது. இதிலோ நீலப்பொறி பாய்ந்தது. புதிதாக வாங்கிய ரோட்டர்தான் பழுது! பழைய கார்களுக்கென்று இப்போது விற்கும் ரோட்டர்களிலும் கண்டென்சர்களிலும் தரமற்றவை நிறைய உண்டு என்றார் கிழவர்.

"பழையது எங்கே?" என்று கேட்டார். மச்சான் அதைக் குப்பையில் போட்டிருந்தார். தங்கை உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். அவர் எறிந்ததையெல்லாம் எடுத்துத் துடைத்து அதற்குள் வைத்திருந்தாள். பழைய ரோட்டரைப் போட்டதும் கார் மேட்டில் சீராக ஏறியது.

சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்

நம் நாட்டில் இன்னும் ஓடும் மொரிஸ் மைனர் போன்ற கார்களிலும் இதே வகைப் பொயின்டும் கொயிலும்தான். புதிய கார்களில் பொயின்ட் இல்லை. குறையைக் கணினி குறித்து வைத்து விளக்குப் போட்டுக் காட்டும். ஆனால் எந்த வாகனமானாலும் எப்போது நடந்தது என்பதை மெக்கானிக் பாஸிடம் மனிதர்தான் சொல்ல வேண்டும்.

வாகனம் தடுமாறினால் இவற்றைக் குறித்து வையுங்கள்: குளிரிலா, சூட்டிலா? மழையிலா, வெயிலிலா? மேட்டிலா, சமதரையிலா? திடீரென்றா, மெதுவாகவா? கடைசியாக எதை மாற்றிய பிறகு தொடங்கியது?

ப்ளக்கைக் கழற்றினால் அதன் முனையைப் பாருங்கள். இலேசான மண் நிறம் என்றால் நலம். கரிபோல் உலர்ந்த கறுப்பு என்றால் பெற்றோல் அதிகம். பெற்றோலில் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் பொறி விழாமல் இருக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் எஞ்சின் தேய்ந்திருக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குறை தீரும்வரை பழைய உறுப்பை எறிய விடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது தடித்த வயர்களில் கை வைக்க வேண்டாம். பெற்றோல் மணக்கும் இடத்தில் பொறிச் சோதனை செய்யவே கூடாது. பெருந்தெருவில் எஞ்சின் நின்ற வாகனத்தில், காரணம் தெரியும்வரை பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். அந்த விடயத்தில் தங்கை சொன்னதுதான் சரி.

நான் திரும்பி வரும் நாளில் மச்சான் என்னை அந்தக் காரிலேயே ஏற்றிப்போனார். தங்கையும் மகனோடு பின் ஆசனத்தில் ஏறினாள். ஏ-34 இல் ஏறியதும் மச்சான் கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்டார்: "முள்ளு எப்படி இருக்கு?"

"இங்க இருந்து எனக்குத் தெரியல்ல. நீங்களே பாருங்க" என்றாள் அவள்.

மச்சான் பார்த்தார். முள் சீராக நின்றது. இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.