சித்தியின் விரலுக்கு எட்டாத பிரேக்! ரோடு பைக் கியர்... ஷிமானோவா, ஸ்ராமா, கம்பக்னோலோவா?

`லேடீஸ் சைக்கிள்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? குறுக்குக் கம்பி இல்லாத ஃபிரேம், முன்னால் ஒரு கூடை, பின்னால் கேரியர். எனக்கும் அப்படித்தான். என் சித்தி ரோடு பைக் வாங்கும்வரை!

சித்திக்கு 46 வயது. ஸ்கூல் டீச்சர். போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு ரோடு பைக் வாங்கினார். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய டயர், ஒரு கையால் தூக்கிவிடும் எடை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈ.சி.ஆரில் கோவளம் வரை போய், இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். வீட்டில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது மாதம் ஒரு நாய் குறுக்கே ஓடியது. சித்தி பிரேக்குக்கு விரலை நீட்டினார். விரல் நுனி லிவரைத் தொட்டது, ஆனால் இழுக்க முடியவில்லை. விழுந்ததில் முழங்கையில் தோல் உரிந்து, மணிக்கட்டு வீங்கியது. நாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது.

அதன்பிறகு நாலு மாதம் அந்த சைக்கிள் பால்கனியில் துண்டு காயப்போடும் ஸ்டாண்டாக இருந்தது. "இந்த வயசுல எனக்கு இதெல்லாம் தேவையாடி? வித்துடலாம், போட்டோ எடுத்துக் குடு" என்றார் சித்தி. போட்டோ எடுக்கப் போன நான், சும்மா அந்த லிவரைப் பிடித்துப் பார்த்தேன். எனக்கும் எட்டவில்லை!

அன்று ஆரம்பித்த தேடல்தான் இந்த வாரக் கட்டுரை.

ஒரு லிவர்... இரண்டு வேலை!

ரோடு பைக்கில் பிரேக்கும் கியரும் ஒரே இடத்தில் இருக்கும். ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்காமலேயே கியர் மாற்றலாம். அதனால்தான் லிவர் கைக்கு எட்டாவிட்டால் பிரேக், கியர் இரண்டுமே சிக்கல். ஆண்களின் சராசரிக் கை அளவை மனதில் வைத்துச் செய்த லிவர், சின்னக் கைகளுக்கு எட்டாமல் போவது புதிதல்ல.

உலகம் முழுக்க இந்த பாகங்களுக்கு மூன்று பெரிய பெயர்கள். ஜப்பானின் ஷிமானோ (1921), இத்தாலியின் கம்பக்னோலோ (1933), அமெரிக்காவின் ஸ்ராம் (1987). வேலை ஒன்றுதான். ஆனால், விரல் செய்யவேண்டிய அசைவு மூன்றிலும் வேறு வேறு.

ஷிமானோ: பிரேக்கே கியர்தான்

இதில் பிரேக் லிவரையே பக்கவாட்டில் உள்பக்கமாகத் தள்ள வேண்டும். வலது கையில் அப்படித் தள்ளினால், பின் சக்கரத்தில் பெரிய பல்லுக்கு செயின் ஏறும், மிதிப்பது சுலபமாகும். பின்னால் ஒளிந்திருக்கும் குட்டி லிவரைத் தட்டினால் சின்னப் பல்லுக்கு இறங்கும், வேகம் எடுக்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு லிவர் என்பதால் குழப்பம் குறைவு.

படிக்கட்டு மாதிரி வரிசையும் உண்டு. கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டூரா-ஏஸ். கிளாரிஸில் பின்னால் 8 பல் சக்கரங்கள், சோராவில் 9, டியாக்ராவில் 10. மேலே போகப் போக எடை குறையும், விலை எகிறும்.

சின்னக் கைக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. டிஸ்க் பிரேக் சைக்கிள்களுக்காக, சின்னக் கைகளுக்கென்றே தனி லிவர்களை ஷிமானோ கொண்டுவந்தது. டியாக்ரா வரிசையில் அதன் எண் 4725, 105 வரிசையில் ஆர்7025. செகண்ட் ஹேண்டில் பார்க்கும்போது இந்த எண்கள் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

மைனஸ்? லிவரை முழுசாகப் பக்கவாட்டில் தள்ளவேண்டும். குறிப்பாக, இடது கையால் முன்பக்கப் பெரிய சக்கரத்துக்கு செயினை ஏற்றும்போது குட்டி விரல்கள் கொஞ்சம் திணறும்.

ஸ்ராம்: ஒரே லிவரில் சின்னத் தட்டு, பெரிய தள்ளு

ஸ்ராமின் கேபிள் மாடல்களில் பிரேக் லிவர் பக்கவாட்டில் அசையாது. அதன் பின்னால் ஒரே ஒரு கியர் லிவர். லேசாகத் தட்டினால் கடினமான கியர். நன்றாகத் தள்ளினால் சுலபமான கியர். 2006-ல் வந்த இந்த முறைக்கு `டபுள்டேப்' என்று பெயர்.

பிரேக் லிவரையும் கியர் லிவரையும் தனித்தனியாகக் கைக்கு அருகில் கொண்டுவர முடியும் என்பது சின்னக் கைகளுக்குப் பெரிய வரம். ஆனால் ஒரு வேடிக்கை. ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே கடைசி சுலபக் கியரில் இருப்பது தெரியாமல் இன்னொரு தள்ளு தள்ளினால், அது கடினமான கியருக்குத் தாவிவிடும். கால் அப்படியே நின்றுவிடும்!

ஸ்ராமின் வயர்லெஸ் மாடல் இன்னும் எளிது. வலது கையில் அழுத்தினால் கடினம், இடது கையில் அழுத்தினால் சுலபம், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் முன் சக்கரம் மாறும். விரலுக்கு பலமே தேவையில்லை. பர்ஸுக்குத்தான் பலம் வேண்டும்!

2024-ல் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸை போலந்தின் காஷியா நிவியடோமா வெறும் 4 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தாரே, அவர் அணியின் பெயரிலேயே ஸ்ராம் உண்டு. அதற்காக, ஸ்ராம் இருந்தால்தான் ஜெயிக்கலாம் என்று அர்த்தமில்லை. எந்த கியர் என்பதை அங்கே ஸ்பான்சர் முடிவுசெய்கிறார். இங்கே நம் விரல் முடிவுசெய்ய வேண்டும்.

கம்பக்னோலோ: கட்டைவிரலுக்கும் வேலை

1927-ல் பனி கொட்டும் மலைப்பாதையில் ஒரு ரேஸ். குளிரில் விறைத்த விரல்களால் சக்கரத்தின் நட்டைக் கழற்ற முடியாமல் தவித்தார் துலியோ கம்பக்னோலோ. அந்தத் தவிப்பில் பிறந்ததுதான் இவர்கள் கம்பெனி என்பது சைக்கிள் உலகம் ஆசையாகச் சொல்லும் கதை. விரல் படும் கஷ்டத்திலிருந்து பிறந்த கம்பெனி என்பதே சித்தி கதைக்குப் பொருத்தமாக இல்லையா?

இவர்களின் கேபிள் மாடல்களில் ஒரு லிவருக்கு ஒரே வேலை. பிரேக் லிவர் பிரேக் மட்டும் பிடிக்கும். அதன் பின்னால் உள்ள லிவர் பெரிய பல்லுக்கு ஏற்றும். உள்பக்கம் கட்டைவிரலுக்கு ஒரு பட்டன், அது இறக்கும். குழப்பமே வராது. ஆனால், ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்து ஓட்டும்போது சின்னக் கட்டைவிரலுக்கு அந்த பட்டன் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் விலை உயர்ந்த சைக்கிள்களில்தான் வரும். பாகம் கெட்டால் நம் ஊரில் தேடி அலையவேண்டும்.

சித்தியின் சைக்கிளுக்கு என்ன ஆச்சு?

மூன்றையும் படித்துவிட்டு, `புது லிவர் மாற்றியே ஆகணும்' என்ற முடிவோடு ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனோம். அவர் சித்தியைச் சைக்கிளில் உட்காரவைத்து, "பிரேக்கைப் பிடிங்க மேடம்" என்றார். பார்த்தார். ஒரு குட்டி ஆலன் கீயை எடுத்து லிவரில் இருந்த ஸ்க்ரூவைத் திருகினார். லிவர் ஹேண்டில்பார் பக்கம் நெருங்கி வந்தது. பிறகு பிரேக் ஒயரை டைட் செய்தார். பதினைந்து நிமிடம்!

"இது வித்தவங்களே பண்ணிக் குடுத்திருக்கணும். யாரும் கேக்கல, அவங்களும் சொல்லல" என்றார்.

சித்தி ஒன்றும் சொல்லவில்லை. லிவரை நாலைந்து தடவை பிடித்துப் பிடித்து விட்டார். "அப்ப, தப்பு என் மேல இல்லையா?" என்று கேட்டார். நாலு மாதமாக அவர் மனதில் என்ன ஓடியிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நீங்கள் வாங்கப் போகிறீர்களா? இதைச் செய்யுங்கள்!

* ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடியுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் மூட்டு வரை லிவரைச் சுற்றி வளைக்க வேண்டும். நுனி மட்டும் தொட்டால் போதாது.

* லிவரைப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகு பிரேக்கை முழுசாக அழுத்திப் பாருங்கள். சைக்கிள் நிற்பதற்கு முன்பே லிவர் ஹேண்டில்பாரில் முட்டினால், பிரேக்கை மறுபடி சரிசெய்ய வேண்டும். பிரேக் விஷயம், பழகிய மெக்கானிக்கிடமே விடுங்கள்.

* `பெண்களுக்கான மாடல்' என்ற ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். ஹேண்டில்பார் அகலம், சீட், பெடல் கிராங்க்கின் நீளம், லிவர் தூரம்... இந்த நான்கையும் கேளுங்கள்.

* ஒரு பிராண்டின் ஷிஃப்டரோடு இன்னொரு பிராண்டின் பின் டிரெய்லரைக் கலக்காதீர்கள். ஒரு கிளிக்குக்கு ஒயர் நகரும் அளவு வேறுபடும். கியர் ஒழுங்காக விழாது.

* ஆயில் டிஸ்க் பிரேக் என்றால் இன்னும் கவனம். ஷிமானோவும் கம்பக்னோலோவும் மினரல் ஆயில்; ஸ்ராமின் ரோடு பிரேக்குகளுக்கு டாட் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டுவிடும்.

* உங்கள் ஊர் மெக்கானிக்குக் கைவந்த பிராண்ட் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் பாகம் சுலபமாகக் கிடைப்பது ஷிமானோவுக்குத்தான்.

என் தீர்ப்பு? முதல் ரோடு பைக் என்றால் ஷிமானோ. விரல் ரொம்பச் சின்னது, மெக்கானிக்கும் பக்கத்தில் இருக்கிறார் என்றால் ஸ்ராமையும் பிடித்துப் பாருங்கள். கம்பக்னோலோ, ஆசைக்கு!

போன ஞாயிறு சித்தியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கோவளம், ஒரு தட்டு இட்லி, பக்கத்தில் சாய்த்துவைத்த சைக்கிள். கீழே ஒரு வரி: "துண்டு காயப்போட வேற ஸ்டாண்டு வாங்கணும்."