மருத்துவமனைத் தோட்டத்தில் அரளி வேண்டா

கரியாலூர் போன்ற மலையூர்களில் பூஞ்செடி வைக்க விழைவோர் பலரும் அரளியையே முதலில் நினைக்கின்றனர். வறட்சியைத் தாங்கும், ஆடுமாடும் தீண்டா. நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் அது நிற்பதும் அதனாலேயே. ஆயினும் நோயாளிகளும் குழந்தைகளும் உலவும் வளாகத்திற்கு அது ஏற்றதன்று என்பதே எம் கருத்து.

அரளியின் இலை, பூ, விதை, வேர் அனைத்தும் நஞ்சு. உட்கொண்டால் இதயத் துடிப்பு சீர்குலையும். 2024-இல் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் நிவேதனத்திலிருந்தும் பிரசாதத்திலிருந்தும் அரளிப்பூவை விலக்கியது.

வெயில் காயும் இடத்தில் ஆவாரை, நீர் எட்டும் இடத்தில் செம்பருத்தி, இட்லிப்பூ ஆகியவற்றை நடுவோம். வேர் பிடிக்கும்வரை பேணினால் போதும்; ஆண்டுதோறும் பூக்கும்.

வீட்டில் குழந்தை அரளியை மென்றுவிட்டால், வாந்தி எடுக்கத் தூண்டாமல், அச்செடியின் ஒரு துண்டுடன் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.