மட்டி எடுக்கும் கரையை நடந்து பார்த்தவர் யார்?

அந்தமானில் சிப்பி உணவின் வரலாறு எழுத்துக்கு முந்தியது. தெற்கு அந்தமானின் சௌல்தாரியில் தொல்லியலாளர் சரீன் கூப்பர் அகழ்ந்த சிப்பி மேடு ஏறத்தாழ 2,200 ஆண்டுப் பழமை கொண்டது. தலைமுறை தலைமுறையாக உண்டு எறிந்த ஓடுகள் அங்கே அடுக்கடுக்காகச் சேர்ந்திருந்தன. இன்றும் கடல் வற்றும் வேளையில் சேற்றிலும் அலையாத்தி வேர்களுக்கிடையிலும் மட்டியும் ஆளியும் பொறுக்குவோர் உண்டு. அந்தக் கூடை பெரும்பாலும் சந்தையைத் தொடாமல் நேரே அடுக்களைக்குப் போவதால், எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

சிப்பியினங்கள் நீரை வடிகட்டி உண்பவை. சுற்றியுள்ள நீரில் அரிதாக இருக்கும் கிருமியும் அவற்றின் உடலில் செறிந்துவிடும். (தமிழில் மட்டி என்பதற்கு அறிவிலி என்ற பொருளும் இருக்கிறது, எதையும் மறுக்காமல் விழுங்குவதைக் கண்டுதான் அப்பெயர் வந்ததோ என்னவோ!) 1988-இல் சாங்காய் நகரில் அரைவேக்காட்டு மட்டியால் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு கல்லீரல் அழற்சி ‘ஏ’ பரவியது. மட்டி எடுக்கப்பட்ட நீரில் கழிவுநீர் கலந்திருந்தது. ஓடு திறந்ததும் இறக்கிவிடும் சமையல் அந்த நச்சுயிரைக் கொல்லப் போதாது.

இந்த ஆபத்தை முன்கூட்டி அறியும் வழிகளுள் முதன்மையானது கரையோரக் கணக்கெடுப்பு. 1924-25 குளிர்காலத்தில் ஆளி உணவால் குடற்காய்ச்சல் பரவியதைத் தொடர்ந்து அமெரிக்கா வகுத்த சிப்பி நலத் திட்டத்தில் அது இன்றளவும் அடித்தளமாக இருக்கிறது. ஆய்வாளர் கரையை நடந்தே கடக்க வேண்டும். ஒவ்வொரு வடிகால் வாயும், கசியும் கழிவுத்தொட்டியும், மாட்டுக் கொட்டிலும், படகுத்துறையும் குறிக்கப்பட வேண்டும். அது நேரே கடலில் விழுகிறதா, சுற்றி வருகிறதா, மழைக்குப் பின் என்ன ஆகிறது என்பனவும் பதிவாக வேண்டும். ஆண்டுதோறும் பழைய பதிவைச் சரிபார்த்து, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுக் கணக்கெடுப்பையும் புதிதாகச் செய்வது அங்குள்ள விதி.

நீரை எடுத்துச் சோதித்தால் போதாதா என்ற கேள்வி எழலாம். மாதிரிக் குப்பி அது நிரப்பப்பட்ட நொடியின் செய்தியை மட்டுமே சொல்லும். ஓதம் ஏறும்போது தூய்மையாகத் தெரியும் நீர் வற்றத்தில் வேறாகத் தெரியும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் தீவுகளில் ஒரே இரவில் நிலை மாறிவிடும். மேலும் மாதிரியைக் குளிரவைத்து ஏறத்தாழ ஒரு நாளுக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். கப்பல் அட்டவணையை நம்பி வாழும் தொலைதீவுகளில் அது எத்தனை முறை நடக்கும்? நடந்து பார்ப்பதற்குத் தேவை கண்ணும் குறிப்பேடும்தான்.

சட்டத்தின் நிலை வியப்பளிப்பது. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986 கடல்நீரை ஐந்து வகுப்புகளாகப் பிரித்து, சிப்பி எடுக்கும் நீரை முதல் வகுப்பில் வைக்கிறது. உயிர்வளி, எண்ணெய், பாதரசம், ஈயம், காட்மியம் ஆகியவற்றுக்கு அங்கே வரம்பு உண்டு. மலக்கிருமிக்கு எண் வரம்பு இல்லை. குளிக்கும் நீருக்கான இரண்டாம் வகுப்பிலோ 100 மில்லிலிட்டருக்கு 100 என்று இருக்கிறது. அமெரிக்கத் திட்டம் சிப்பி நீருக்கு வைத்திருக்கும் எண் 14. குளிப்பவருக்குக் கிடைத்த காப்பு உண்பவருக்குக் கிடைக்கவில்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்கின்படி அந்தமான் நிக்கோபாரில் நாளொன்றுக்கு 2 கோடியே 30 லட்சம் லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. அதே கணக்கில் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் என்ற கட்டத்தில் இருப்பது சுழியம். சிப்பி ஏற்றுமதிப் பொருளாக இருந்திருந்தால் வாங்கும் நாடே சான்று கேட்டிருக்கும். தன் அடுக்களைக்குப் பொறுக்குபவருக்காகக் கேட்பார் இல்லை. இந்தப் புறக்கணிப்பை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

பழைய வரைபடங்களும் உதவா. 2004 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் வயலாக இருந்த நிலத்தில் இன்று ஓதநீர் வந்து போகிறது. (அப்பெயர் தமிழ்க் காதில் சிப்பியாகவே ஒலிக்கிறது.) கரைக்கோடு நகர்ந்த இடத்தில் பழைய கழிவுத்தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நேரில் போனால்தான் அறிய முடியும்.

மொழிச் சிக்கலும் உண்டு. தீவுகளின் பொதுமொழியான இந்தியில் ‘நாலா’ என்பது மலையோடையையும் குறிக்கும், சாக்கடையையும் குறிக்கும். போர்ட் பிளேருக்குக் குடிநீர் தரும் தனிகாரியும் நாலாதான். தெருவோரக் கழிவுநீர் ஓடுவதும் நாலாதான். ஓடை, வடிகால் என்று தனித்தனிக் கட்டங்கள் கொண்ட படிவத்தோடு போகும் ஆய்வாளர், ‘நாலா’ என்ற ஒரே விடையை எந்தக் கட்டத்தில் எழுதுவார்? வங்காளம், தமிழ், தெலுங்கு, நிக்கோபாரி, கரேன் பேசும் ஊர்களில் அந்தந்த மொழியில் கேட்க வேண்டும். கேட்பதோடு நில்லாமல் சொல்பவரையே கூட்டிச் சென்று காட்டச் சொல்ல வேண்டும். மட்டி பொறுக்கும் பெண்களுக்கு எந்த வாய்க்கால் எந்த மாதத்தில் நாறும் என்பது தெரியும்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் போர்ட் பிளேர் வளாகத்தில் கடல் உயிரியல் துறை இருக்கிறது. ஒரு பருவத்தின் களப்பணியாக ஒரே ஒரு விரிகுடாவை எடுத்துக்கொண்டு, வற்ற நேரத்தில் ஒருமுறையும் முதல் பெருமழைக்கு மறுநாள் ஒருமுறையும் நடந்து, அந்தப் பதிவைக் கரையோர ஊராட்சியின் கையில் கொடுக்கலாம். சட்டத்தில் எண் சேரும்வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.