முதல் இருபத்தெட்டு நாட்கள்

நம்மிடம் முன்னர் கல்வி பயின்று இப்பொழுது தாமும் ஆசிரியராய் இருக்கும் ஒருவர், சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் நம் இல்லத்துக்கு வந்தார். அவருடைய தலைப்பிள்ளை மண்டையோட்டின் மேற்பாகமும் மூளையின் பெரும் பகுதியும் இன்றிப் பிறந்து, சில மணி நேரத்தில் இறந்துபோயிற்று. ஆறாம் மாதத்து ஸ்கான் பரிசோதனையிலேயே வைத்தியர்கள் இக்குறையைக் கண்டிருந்தனர். அத்துயரம் போதாதென்று வீட்டில் வேறொரு நெருப்பும் மூண்டிருந்தது. ஐந்தாம் மாதத்தில், கிரகண வேளையில், மருமகள் கத்தி எடுத்துக் காய்கறி நறுக்கினாளாம். அதனாலேயே பிள்ளைக்கு இக்கதி நேர்ந்தது என்பது அவருடைய தாயாரின் முடிவு. மருமகளும் அதனை நம்பத் தொடங்கிவிட்டாள். “விஞ்ஞானம் இதற்கு என்ன சொல்கிறது, சேர்?” என்று அவர் கேட்டபொழுது, ஐந்தாம் மாதத்தை விட்டு முதலாம் மாதத்துக்குப் போகவேண்டும் என்றோம்.

கருத்தரித்து இரண்டரை வாரம் ஆகும்போது முளையம் தட்டையானதொரு தகடு. அதன் முதுகுப்புறத்துக் கலங்கள் தடித்து நரம்புத் தகடாகின்றன. பின்னர் அதன் இரு ஓரங்களும் மேலெழ, நடுவே வாய்க்கால் போன்றதொரு பள்ளம் உண்டாகும். வெற்றிலையைச் சுருட்டும்போது அதன் ஓரங்கள் கிட்ட வருவது போல, இவ்விரு ஓரங்களும் வளைந்து சந்தித்து ஒட்டிக்கொள்ளும். 22ஆம் நாளளவில், கழுத்து அமையப்போகும் இடத்தையொட்டி இவ்வொட்டுத் தொடங்கி, மேல் நோக்கியும் கீழ் நோக்கியும் ஓடும். தலைப்பக்கத்து வாய் 25ஆம் நாளளவிலும், கீழ்ப்பக்கத்து வாய் 28ஆம் நாளளவிலும் மூடும். இதுவே நரம்புக் குழாய். இதன் மேற்பாகம் மூளையாகவும் எஞ்சிய பாகம் முண்ணாணாகவும் வளரும். இத்தனையும் நடந்து முடியும்போது முளையத்தின் நீளம் ஒரு நெல்மணியின் நீளந்தானும் இல்லை.

தலைப்பக்கத்து வாய் மூடாது போயின், அதன் மேல் மண்டையோடு அமையாது; திறந்து கிடக்கும் மூளை இழையம் கருப்பையின் நீரிற் சிதைந்து போகும். நம் மாணவரின் பிள்ளைக்கு நேர்ந்தது இதுவே. கீழ்ப்பக்கம் மூடாது போயின் முள்ளந்தண்டிற் பிளவு உண்டாகும். அத்தகைய பிள்ளைகளிற் பலர் சத்திர சிகிச்சையின் உதவியோடு வாழ்கின்றனர், கற்கின்றனர். ஆயினும் கால்கள் வலுவிழத்தல், சிறுநீரை அடக்க இயலாமை, தலையில் நீர் தேங்குதல் முதலியவற்றோடு அவர்கள் போராட வேண்டியிருக்கும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். மாதவிலக்குத் தவறியதை ஒரு பெண் உணரும் நாளிற் கருவுக்கு வயது ஏறக்குறைய 14 நாட்கள். உறுதிப்படுத்தி, வீட்டாருக்குச் சொல்லி, வைத்தியரைக் காண்பதற்குள் இன்னும் இரண்டு வாரம் கடந்துவிடும். குழாய் அதற்குள் மூடியிருக்கும், அல்லது மூடாமலே நின்றிருக்கும். முதலாம் மாதத்தில் நின்றுபோன வேலையை ஐந்தாம் மாதத்துக் கிரகணம் எவ்வாறு கெடுக்கும்?

அங்ஙனமாயின் காரணம் யாது? ஒன்றன்று, பல. பரம்பரையின் பங்கு உண்டு. தாயின் கட்டுக்கடங்காத நீரிழிவும், வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் வல்புரோவேற் என்னும் மருந்தும் ஆபத்தை மிகுவிக்கும். (அம்மருந்தை உண்போர் தாமாக நிறுத்திவிடலாகாது, வைத்தியரைக் கேட்டே மாற்றவேண்டும்.) ஆனால் மனிதர் கைக்கு எட்டிய காரணம் ஒன்று உண்டு. அதன் கதை ஒரு மார்மைற் போத்தலில் தொடங்குகிறது.

லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர், பம்பாய் ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளைப் பீடித்த இரத்தச் சோகையை ஆராய்ந்து, நம் காலையுணவு மேசைகளும் நன்கறிந்த அந்த மார்மைற் அதனைக் குணப்படுத்துவதை 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த பொருளே பின்னர் போலிக் அமிலம் என அறியப்பட்டது. 1941இல் அதனைப் பசளி இனக் கீரையிலிருந்து பிரித்தோர், இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் அப்பெயரை இட்டனர். சில ஆண்டுகளில் அமெரிக்காவில் அதனைச் செயற்கையாக ஆக்கிய குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். கலங்கள் பெருகுவதற்கு இச்சத்து வேண்டும். நரம்புக் குழாய் மூடும் நாட்களோ கலங்கள் விரைந்து பெருகும் நாட்கள்.

ஹிபார்ட், சிமிதெல்ஸ் என்னும் இங்கிலாந்து வைத்தியர் இருவர் இவ்விரண்டுக்கும் தொடர்பிருக்கலாம் என 1965இல் எழுதினர். ஐயம் தீர 26 ஆண்டுகள் ஆயின. முன்னர் இக்குறையுள்ள கருவைச் சுமந்த 1,817 பெண்களை ஏழு நாடுகளிற் சேர்த்து, ஒரு சாராருக்குப் போலிக் அமிலமும் மறுசாராருக்கு அதில்லாத குளிசையும் கொடுத்தனர். 27 கருக்களில் இக்குறை மீண்டும் தோன்றியது. போலிக் அமிலம் உண்டோரில் 6, உண்ணாதோரில் 21. நூற்றுக்கு 72 பங்கு காப்பு என்பது தெளிவானதும் 1991இற் சோதனையை நிறுத்தினர். பாதிப் பேருக்கு அதனைக் கொடாது விட்டது அறமா என்று அந்நாளிற் கேட்டோர் பலர். நியாயமான கேள்விதான், எனினும் அந்த எண்கள் இல்லாதிருந்தால் எந்த அரசும் அசைந்திராது என்பது நம் எண்ணம். 1998 முதல் அமெரிக்காவில் மாவிலேயே அதனைச் சேர்க்கின்றனர்.

கீரை உண்டாற் போதாதா என்பீர்கள். நன்றே, ஆயினும் இச்சத்து நீரிற் கரைவது, வெப்பத்தில் அழிவது. நம் சமையலில் பெரும் பங்கு வடித்த நீரோடு போய்விடும். ஆகவே கருத்தரிக்க எண்ணும் பெண் அதற்கு முன்பிருந்தே, மூன்றாம் மாதம் முடியும்வரை, நாளொன்றுக்கு 0.4 மில்லிகிராம் குளிசையாக உண்ணவேண்டும். முன்னர் இக்குறையுள்ள பிள்ளை பெற்றவருக்கு இதிற் பத்து மடங்கோ சற்று மேலோ வேண்டும். அதனை வைத்தியரே எழுதித் தருவார். நம் நாட்டிற் புதுமணத் தம்பதிகளுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் இக்குளிசையை வழங்கும் ஏற்பாடு இருக்கிறது. பிள்ளை உண்டாகுமுன் மருந்து எதற்கு என்று அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் வீடுகளையும் நாம் அறிவோம்.

நம் மாணவர் அந்த நாட்கணக்கை ஒரு தாளில் எழுதி வாங்கிச் சென்றார். அவருடைய பிள்ளைக்கு எக்காரணம் நேர்ந்தது என்று எவராலும் கூறமுடியாது. கிரகணம் அன்று என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னோம். தாயார் தாளை இருமுறை வாசித்தாராம், ஒன்றும் பேசவில்லையாம். மறுநாள் மதியம் மருமகளின் கோப்பையில் முருங்கையிலை வறை சற்றுக் கூடுதலாக இருந்ததாம். அதன் பக்கத்தில் குளிசையும் இருந்ததாம்.