ஆகாரை யார் பார்ப்பது?

பெண்கள் ஞாயிறு வந்தால் பிரசங்கத்தில் சாராள், ரூத், எஸ்தர் எல்லாரும் வருவார்கள். எகிப்திய அடிமை ஆகார் வந்தால் எஜமானியை மதிக்காதவள் என்ற பழியோடுதான். தோழர்களே, ஆதியாகமம் 16-ஐத் திறந்து படியுங்கள். வேதாகமத்தில் கடவுளுக்கு முதலில் பெயர் வைத்தவள் அவள்தான்: தன்னைப் பார்க்கிறவர் என்று.

திற்பரப்பு வட்டாரத்தில் ரப்பர் பால் வெட்டும் தலித் கிறிஸ்தவப் பெண்ணை யார் பார்க்கிறார்கள்? 1950-இல் வந்த பட்டியல் சாதி ஆணை 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்தது. அவளுக்கு இன்றும் மூடியே கிடக்கிறது. அரசு மதம் சொல்லித் தள்ளுகிறது, ஊர் சாதி சொல்லித் தள்ளுகிறது. சபையோ இங்கே சாதியே இல்லை என்று கண்ணை மூடிக்கொள்கிறது.

தோள்சீலைப் போராட்டத்தைப் பெருமையாகச் சொல்லும் மண் இது. நாங்கள் கேட்பது இரண்டே: பிரசங்க பீடத்தில் அவள் பேசட்டும், சபைக் கமிட்டியில் அவள் உட்காரட்டும்.