வாங்கிய பாட்டு யாருக்குச் சொந்தம்?

பணம் கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்குச் சொந்தம். இசைத்தட்டுக் காலத்திலும், ஒலிநாடாக் காலத்திலும், இறுவட்டுக் காலத்திலும் இந்த நியதி மாறவில்லை. கொழும்பில் வாங்கிய ஒலிநாடா ரொறன்ரோவிலும் பாடியது, லண்டனிலும் பாடியது. எந்தக் கடையில் வாங்கினாய், எந்த நிறுவனத்தின் கருவியை வைத்திருக்கிறாய் என்று அது எவரையும் விசாரித்ததில்லை.

பாட்டு கணினிக் கோப்பாக மாறியபோதுதான் இந்த நியதி முறிந்தது. முறிந்த விதத்தையும் பின்னர் ஓரளவு சீரான விதத்தையும் இன்று நினைவூட்டுவது அவசியம் என்று கருதுகிறேன். அதே கதை வேறு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது.

2003 ஏப்ரலில் அப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் ஐடியூன்ஸ் இசைக் கடையைத் திறந்தது. ஒரு பாட்டின் விலை 99 சதம். மலிவுதான். ஆனால் ஒவ்வொரு பாட்டும் ‘பெயார்பிளே’ என்ற பூட்டுடன் வந்தது. அதைத் திறக்கும் சாவி வாங்கியவரின் கணக்கோடும், அவர் பதிவு செய்த கணினிகளோடும் பிணைக்கப்பட்டிருந்தது. கையடக்க இசைக் கருவிகளுள் அப்பிளின் ஐபொட் மாத்திரமே அந்தப் பூட்டை அறிந்திருந்தது. வேறு நிறுவனத்தின் கருவியை வைத்திருந்தவர், பாட்டை இறுவட்டில் பதிந்து, அதிலிருந்து மறுபடியும் கணினிக்கு மாற்றவேண்டும். அதில் ஒலித்தரம் குறையும். பூட்டையே உடைத்துவிடலாம் என்றால், அதற்கு 1998 ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் தடை போட்டிருந்தது.

2004 இல் ரியல் நெட்வேர்க்ஸ் நிறுவனம், தான் விற்கும் பாட்டுகள் ஐபொட்டிலும் பாடுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. அப்பிள் அதைக் கடுமையாகக் கண்டித்ததோடு நில்லாமல், ஐபொட்டின் மென்பொருளை மாற்றி அந்த வழியையும் அடைத்தது.

மைக்ரோசொப்ட்டின் கதை இன்னும் வேடிக்கையானது. 2004 இல் அது ‘பிளேஸ் போர் ஷுவர்’ என்ற முத்திரையை அறிமுகப்படுத்தியது. நிச்சயமாகப் பாடும் என்பது அதன் பொருள். அந்த முத்திரையை நம்பிப் பலர் பாட்டு வாங்கினார்கள். 2006 நவம்பரில் அதே மைக்ரோசொப்ட் ‘சூன்’ என்ற தனது சொந்தக் கருவியை வெளியிட்டது. நிச்சயமாகப் பாடும் என்று விற்கப்பட்ட பாட்டுகள் அதில் பாடவில்லை!

அதோடு முடியவில்லை. 2008 ஏப்ரலில் மைக்ரோசொப்ட், தனது பழைய எம்.எஸ்.என். இசைக் கடையின் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அறிவித்தல் அனுப்பியது. ஓகஸ்ட் 31 இற்குப் பின்னர் சாவி வழங்கப்படமாட்டாது என்பதே அதன் சாரம். புதிய கணினி வாங்கினால், வாங்கிய பாட்டை அதற்கு மாற்ற முடியாது. எதிர்ப்புக் கிளம்பியதும் தவணையை 2011 இறுதிவரை நீடித்தார்கள். யானையை விற்றவர்கள் அங்குசத்தைத் தம் கையிலேயே வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் பலருக்கு விளங்கியது.

இசை நிறுவனங்களின் தரப்பில் நியாயம் இல்லையென்று நான் கூறமாட்டேன். களவாகப் பிரதி செய்வது களவுதான். பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் கூலி போய்ச் சேரவேண்டும். எழுதிப் பிழைத்தவன் என்ற வகையில் அதை நான் நன்கு அறிவேன். ஆனால் இந்தப் பூட்டு யாரைத் தடுத்தது? களவாக இறக்கியவரின் பாட்டு எல்லாக் கருவிகளிலும் பாடியது. காசு கொடுத்தவரின் பாட்டுத்தான் மறுத்தது. நேர்மைக்குத் தண்டனை விதித்த பூட்டு என்றே இதைச் சொல்வேன்.

2007 பெப்ரவரியில் ஸ்டீவ் ஜொப்ஸ் வெளியிட்ட பகிரங்கக் கடிதத்தில் இதை ஒப்புக்கொண்டார். 2006 இல் உலகெங்கும் இணையத்தில் விற்பனையான பூட்டிய பாட்டுகள் 200 கோடிக்கும் குறைவு; அதே ஆண்டில் இசை நிறுவனங்கள் தாமே இறுவட்டுகளில் பூட்டின்றி விற்ற பாட்டுகள் 2000 கோடிக்கும் அதிகம் என்று அவர் எடுத்துக்காட்டினார். முன்வாசலை அகலத் திறந்துவைத்துவிட்டுக் கொல்லைக் கதவுக்குக் காவல் போட்ட கதைதான். ஜொப்ஸுக்கு இந்த ஞானம் தானாகப் பிறந்ததென்றும் சொல்வதற்கில்லை. நோர்வேயின் நுகர்வோர் அதிகாரிகள் அப்பிளை அப்போது நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

அதே ஆண்டில் ஈ.எம்.ஐ. நிறுவனம் பூட்டை நீக்கச் சம்மதித்தது. அமேசான் பூட்டில்லாத எம்.பி.3 கடையைத் திறந்தது. 2009 இல் ஐடியூன்ஸின் இசை முழுவதும் பூட்டின்றி விற்கப்படும் நிலை வந்தது. பழைய பாட்டுகளின் பூட்டைக் கழற்றப் பாட்டுக்கு 30 சதம் கேட்டார்கள் என்பதையும் குறிப்பிடவேண்டும். ஏற்கெனவே விலை கொடுத்தவரிடம் இன்னொரு விலை!

இன்றைய நிலை என்ன? பெரும்பாலானோர் பாட்டு வாங்குவதில்லை, மாதச் சந்தா கட்டுகிறார்கள். தொலைபேசியில் இறக்கிவைத்த பாட்டும் அந்தச் செயலிக்குள்ளேதான் பாடும். சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். இதில் மோசடி இல்லை. வாடகை வாடகை என்றே சொல்லப்படுகிறது. ஆனால் திரைப்படம், மின்னூல் போன்றவற்றில் ‘வாங்குங்கள்’ என்று எழுதிவிட்டு, உண்மையில் உரிமத்தை மாத்திரம் கொடுக்கும் வழக்கம் தொடர்கிறது. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், அவ்வாறு விற்பவர்கள் அதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்கிறது. ஏனைய நாடுகளும் இதைப் பின்பற்றவேண்டும் என்பது என் கருத்து.

வாசகர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கேட்டு மறக்கும் பாட்டுக்குச் சந்தா போதும். பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல விரும்பும் பாட்டைப் பூட்டில்லாத கோப்பாகவோ, இறுவட்டாகவோ வாங்குங்கள். இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். விற்றவர் கடையை மூடிய மறுநாளும் பாடுவதுதான் நமக்குச் சொந்தமான பாட்டு.