‘உண்மையாகத்தான் சொல்கிறேன்’ என்பதை ஒரு மல்யுத்த வீரர் எப்படிச் சொல்வது?

2022 செப்டம்பர் 4 இரவு, சிகாகோவை அடுத்த ஹாஃப்மன் எஸ்டேட்ஸ் நகரில், ஆல் எலீட் ரெஸ்லிங் நிறுவனத்தின் ‘ஆல் அவுட்’ நிகழ்ச்சி முடிந்து செய்தியாளர் சந்திப்பு தொடங்கியது. சற்று முன்னர்தான் ஜான் மாக்ஸ்லியை வீழ்த்தி உலகப் பட்டத்தைக் கைப்பற்றியிருந்த சி.எம். பங்க், மேசையில் அமர்ந்து இனிப்புப் பண்டம் ஒன்றைத் தின்றபடியே பேசினார். பழைய நண்பர் கோல்ட் கபானாவைச் சாடினார்; சக வீரர் ஹேங்மன் ஆடம் பேஜைச் சாடினார்; நிறுவனத்தின் நிர்வாகத் துணைத் தலைவர்களாகவும் மல்யுத்த வீரர்களாகவும் ஒருங்கே இருந்த கென்னி ஒமேகா, யங் பக்ஸ் சகோதரர்கள் ஆகியோரின் திறமையை ஏளனம் செய்தார். அருகிலேயே இருந்த உரிமையாளர் டோனி கான் அவரைத் தடுக்கவில்லை. சந்திப்பு முடிந்ததும் அரங்கின் பின்பகுதியில் கைகலப்பு மூண்டது. மூன்றே நாளில் பங்க்கின் பட்டமும், ஒமேகாவும் பக்ஸும் அதே இரவில் வென்றிருந்த பட்டமும் காலியானவையாக அறிவிக்கப்பட்டன.

அந்தக் காணொளியைப் பார்க்கும் எவருக்கும் சங்கடம் தோன்றும். வீட்டில் தந்தையும் பெரியப்பாவும் சண்டையிடும்போது நடுவில் மாட்டிக்கொண்ட விருந்தாளியின் சங்கடம் அது. ஆனால் ரசிகர்களுக்குள் எழுந்த முதல் கேள்வி வேறு: இது ‘ஒர்க்’கா, ‘ஷூட்’டா?

இத்துறையை அறியாதவர்களுக்காக ஒரு வரி. பணம் கட்டிப் பந்தயச் சண்டை காட்டிய அமெரிக்கத் திருவிழாச் சந்தைகளில் வழங்கிய குழூஉக்குறிகள் இவை. முன்கூட்டித் திட்டமிட்டது ‘ஒர்க்’. திட்டத்தை மீறி மெய்யாக நிகழ்வது ‘ஷூட்’. ஒர்க்கை மெய்யென நம்பி ஏமாறுபவர் ‘மார்க்’. புனைவை வெளியிலும் கலையாமல் காக்கும் ஒழுக்கம் ‘கேஃபேப்’.

நம் வகுப்பறைகளில் மல்யுத்தம் பற்றிப் பேச்சு வந்தால் ரோலான் பார்த் வந்துவிடுவார். 1957இல் வெளியான ‘மித்தாலஜீஸ்’ நூலின் முதற்கட்டுரையில், சண்டை முன்முடிவானதா இல்லையா என்பது பார்வையாளருக்கு ஒரு பொருட்டே அல்ல என்றார் அவர். சண்டையைப் பொறுத்தவரை இன்றும் அது சரிதான். 1989இல் நியூ ஜெர்சி மாநிலத்தில், விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடும் பொருட்டு, தாங்கள் நடத்துவது கேளிக்கையே என்று வின்ஸ் மக்மேனின் நிறுவனத்தார் தாமே ஒப்புக்கொண்டனர். அதன்பின் சண்டையின் மெய்ம்மை குறித்து எவரும் ஐயுறத் தேவை இருக்கவில்லை. ஆயினும் ஐயம் ஒழிந்துவிடவில்லை. சண்டையிலிருந்து பேச்சுக்கு இடம்பெயர்ந்தது. களத்தில் நடப்பது நாடகம் என்று உறுதியானபின், மெய்ம்மைக்கு மிச்சமிருந்த ஒரே இடம் நேர்காணல். அதனால்தான் இன்றைய ரசிகர் ஒரு போட்டியைவிட ஒரு தடுமாற்றமான நேர்காணலைப் பன்மடங்கு கூர்மையுடன் ஆராய்கிறார்.

அந்தக் கூர்மையை மொழியியலார் இகழ முடியாது. உரையாடலில் ஒருவர் முடிக்கும் இடத்துக்கும் அடுத்தவர் தொடங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வின்படி, சராசரியாக ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அது சற்று நீண்டாலே நாம் அதற்குப் பொருள் தேடத் தொடங்குகிறோம். ஆங்கிலத்தின் ‘அ’, ‘அம்’ போன்ற இழுவைகள் வெறும் பிழைகள் அல்ல, வரப்போகும் தாமதத்தை முன்னறிவிக்கும் சொற்களே என்று கிளார்க்கும் ஃபாக்ஸ் ட்ரீயும் 2002இல் வாதிட்டனர். மல்யுத்த ரசிகர்கள் இக்கட்டுரைகளைப் படித்ததில்லை. ஆனால் இவை கூறும் நுண்மைகளைத்தான் சான்றாக எடுத்துவைக்கிறார்கள். எங்கே மூச்சு வாங்கினார், எந்தப் பெயரைச் சொல்லும்போது கண்ணைத் தாழ்த்தினார், உரிமையாளரின் மௌனம் சம்மதமா, திகைப்பா?

இடர் இங்கேதான் உள்ளது. அவர்கள் எடுத்துவைக்கும் ஒவ்வொரு சான்றும் இரண்டு பக்கமும் பேசும். வாயில் பண்டத்தை வைத்துக்கொண்டு பேசியது திட்டமின்மையின் அடையாளமா, திட்டமின்மை போலத் தோன்றச் செய்யும் திட்டமா? அவர் கபானாவை மேடைப் பெயரால் குறிக்காமல் இயற்பெயரால் குறித்தார். மொழியியல் நோக்கில் இது கவனிக்கத்தக்கது. பெயரை மாற்றுவதன் மூலம் பேச்சையே புனைவுக்கு வெளியே நிறுத்துகிறார். ஆனால் அந்த உத்தியையும் இத்தொழில் முன்னமே பயன்படுத்தித் தேய்த்துவிட்டது.

தத்துவவாதி டொனால்ட் டேவிட்சன் ஓர் எடுத்துக்காட்டுத் தருவார். மேடையில் நடிகன் ஒருவன் ‘தீ! தீ!’ என்று கத்துவது அவனுடைய வசனம். அப்போது உண்மையாகவே தீப்பிடித்துவிட்டால் அவன் என்ன சொல்வான்? ‘இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன், புகையைப் பாருங்கள்’ என்றால் அதுவும் வசனமாகவே கேட்கும். உள்ளத்து உண்மையைக் காட்டுவதற்கென்று மொழியில் ஒரு குறியை மரபாக ஏற்படுத்த முடியாது. ஏற்படுத்திய அடுத்த நொடியே நடிகர்கள் அதைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். டேவிட்சன் இதை ஒரு சிந்தனைச் சோதனையாகச் சொன்னார். தொழில்முறை மல்யுத்தம் அதைப் பல்லாண்டுகளாகத் தொலைக்காட்சியில் நடத்தி வருகிறது.

1982 ஜூலை 28 அன்று, டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியில் நகைச்சுவைக் கலைஞர் ஆண்டி காஃப்மனை மல்யுத்த வீரர் ஜெரி லாலர் ஓங்கி அறைந்தார். 1984 டிசம்பர் 28 அன்று, நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில், ‘இது போலி என்று நினைக்கிறேன்’ என்ற பொருள்படப் பேசிய செய்தியாளர் ஜான் ஸ்டாசலை டேவிட் ஷூல்ட்ஸ் இருமுறை அறைந்தார். முதலாவது, அறைந்தவரும் அறை வாங்கியவரும் சேர்ந்து நடத்திய நாடகம். காஃப்மன் 1984இல் இறந்து பத்தாண்டுகளுக்குப் பின்னரே அது பரவலாகத் தெரிந்தது. இரண்டாவது மெய், ஸ்டாசல் வழக்குத் தொடுத்து இழப்பீடு பெற்றார். இரண்டு காணொளிகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். எது எது என்று காட்சியைக் கொண்டு சொல்ல முடியாது. ‘போலியா?’ என்ற கேள்விக்கு ஷூல்ட்ஸ் சொல்லால் விடையளிக்கவில்லை என்பதும் காரணமற்றதன்று. அவர் சொன்னால் எவர் நம்புவார்? சொல் செல்லாத இடத்தில் வலியைச் சான்றாக்கினார். அச்சான்றையும் இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னரே காஃப்மனும் லாலரும் செலவழித்துவிட்டிருந்தார்கள்.

இதே பங்க், 2011 ஜூன் 27 அன்று மேடை விளிம்பில் சப்பணமிட்டு அமர்ந்து தம் முதலாளிகளையே பெயர் சொல்லித் தாக்கினார். பாதியில் ஒலிவாங்கி அணைந்தது. ஒலிவாங்கி அணைக்கப்பட்டதே மெய்ம்மையின் முத்திரை என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். அணைத்ததும் திட்டத்தின் பகுதிதான். பதினோரு ஆண்டுகளுக்குப் பின் அதே மனிதர் அதே குரலில் மீண்டும் பேசும்போது, கேட்பவர் ஐயுறாமல் என்ன செய்வார்? ‘புலி வருகிறது’ கதையில் பிழை சிறுவனுடையது. இங்கே ஊரார் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டல்லவா அவன் கத்துவதைக் கேட்க வந்தார்கள்.

இந்த விளையாட்டின் விலை என்ன என்பதை 1999 மே 23 காட்டியது. கான்சஸ் சிட்டியின் கெம்பர் அரங்கில், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கவிருந்த ஓவன் ஹார்ட் விழுந்து உயிரிழந்தார். வர்ணனையாளர் ஜிம் ராஸ், இது கேளிக்கையின் பகுதி அன்று என்று நேரலைப் பார்வையாளர்களுக்குத் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. ஒரு மரணச் செய்திக்கு முன்னுரையாக ‘இது மெய்’ என்று சொல்ல நேர்ந்த அந்தக் குரலைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அவருக்கு வேறு சொல் எதுவும் இருக்கவில்லை. வழக்கமாகப் பொய்யை விற்கும் அதே சொற்களையே எடுத்துக் கையாள வேண்டியிருந்தது. நிகழ்ச்சியும் நிறுத்தப்படவில்லை.

ரசிகர் ஆய்வில் ஈடுபட்ட நண்பர்கள் பலர், ‘ஒர்க்கா ஷூட்டா’ என்ற ஆராய்ச்சியை ஊடக விழிப்புணர்வின் உச்சமாகப் புகழ்கிறார்கள். மக்கள் முட்டாள்கள் அல்லர், புனைவை அறிந்தே நுகர்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் பாதிக்கு மேல் உடன்படுகிறேன். ஆனால் அவர்கள் கவனியாத ஒன்று உண்டு. அக்கேள்விக்கு ரசிகர் அளிக்கும் விடை, பேசியவரைப் பற்றியதைவிட விடையளிப்பவரைப் பற்றியதாகவே பெரும்பாலும் அமைகிறது. இக்குழுவில் ‘மார்க்’ என்று அழைக்கப்படுவதைவிட இழிவு வேறில்லை. ஒரு நேர்காணலை மெய்யென நம்பி, பின்னர் அது நாடகம் என்று தெரியவந்தால் மானம் போயிற்று. நாடகம் என்று சொல்லி, பின்னர் மெய்யென்று தெரியவந்தாலோ பெரிய இழப்பில்லை. ‘நம்பும்படி இருக்கவில்லை’ என்று தோளைக் குலுக்கிவிடலாம். எனவே ஐயுறுதல் மலிவான காப்பீடு. மறுபக்கம், ‘ஷூட்’ என்று அடித்துச் சொல்பவர் தமக்கு உள்வட்டத் தொடர்பு உண்டு என்று காட்டிக்கொள்கிறார். இரண்டுமே தன் முகம் காக்கும் செயல்கள். பேசப்பட்டது என்ன என்பதை இரண்டுமே கேட்பதில்லை.

எர்விங் காஃப்மன் (நகைச்சுவைக் கலைஞர் அல்லர், சமூகவியலாளர்) ‘பேசுபவர்’ என்ற ஒற்றைச் சொல்லை மூன்றாகப் பிரித்தார்: ஒலிப்பவர், சொற்களை அமைத்தவர், அச்சொற்களுக்குப் பிணைப்பட்டவர். செய்தி வாசிப்பாளர் ஒலிப்பவர் மட்டுமே, உரை எழுதிக் கொடுப்பவர் அமைத்தவர் மட்டுமே, அமைச்சர் பிணைப்பட்டவர். மல்யுத்த ரசிகர்கள் முதல் இரண்டையும் அலசுவதில் கைதேர்ந்தவர்கள். எழுதியது யார், உரிமையாளருக்கு முன்கூட்டித் தெரியுமா, எவ்வளவு சொந்தச் சரக்கு என்பனவெல்லாம் இரண்டாம் நிலைக் கேள்விகள். மூன்றாம் நிலையை அவர்கள் தொடுவதே இல்லை. ஓர் உயிருள்ள மனிதரை இயற்பெயரால் குறித்து அவருடைய நடத்தையைப் பற்றி ஒரு கூற்று முன்வைக்கப்பட்டால், அது எழுதப்பட்டதா, பீறிட்டதா என்பதைச் சாராமல் அக்கூற்றுக்கு ஒருவர் பிணைப்பட வேண்டும். கபானா அந்த மேசையில் இல்லை. ‘ஒர்க்காக இருக்கலாம்’ என்ற ஐயம் பேசியவருக்கு நிழல் தருகிறது. பேசப்பட்டவரை வெயிலில் நிறுத்துகிறது.

இதற்கு ஒரு முன்வரலாறும் உண்டு. 2014 நவம்பரில் கபானாவின் வலையொலியில்தான் பங்க் தம் பழைய நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.ஈ.யையும் அதன் மருத்துவக் கவனிப்பையும் விரிவாகக் குறைகூறினார். ரசிகர்கள் அதை மெய்ப்பேச்சின் இலக்கணமாகவே போற்றினர். நிறுவனத்தின் மருத்துவர் இருவர்மீதும் அவதூறு வழக்குத் தொடுத்தார். 2018 ஜூனில் சிகாகோ நடுவர் குழு இருவருக்கும் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு எவர் பக்கம் என்பது எனக்கு முக்கியமன்று. அங்கே கேட்கப்பட்ட கேள்விகளே முக்கியம். என்ன சொல்லப்பட்டது, யாரைப் பற்றி, அது பொய்யா, அதனால் தீங்கு விளைந்ததா? குரல் தழுதழுத்ததா என்பது அங்கே வழக்கைத் தீர்மானிக்காது. அவ்வழக்கின் செலவு குறித்து எழுந்த பிணக்கில்தான் நண்பர்கள் இருவரும் ஒருவர்மீது ஒருவர் வழக்காடும் நிலைக்கு வந்து, 2019இல் அவற்றைக் கைவிட்டனர். 2022இன் அந்த மேசைக்கு வந்து சேர்ந்த கசப்பின் ஒரு பகுதி இது. இதை அறிந்தபின் ‘ஒர்க்கா ஷூட்டா’ என்ற வினா எவ்வளவு ஒல்லியானது என்று புலப்படும்.

‘அரசியல் முழுவதுமே கேஃபேப்’ என்று சொல்வது இப்போது ஆங்கிலக் கட்டுரைகளில் ஒரு நாகரிகமாகிவிட்டது. அந்தத் தாவலை நான் விரும்பவில்லை. எல்லாம் கேஃபேப் என்றால் எவரும் எதற்கும் பிணைப்பட வேண்டியதில்லை. நாம் அனைவரும் திறனாய்வாளர்களாக அமர்ந்து நடிப்புக்கு மதிப்பெண் இடலாம். ஆய்வாளர்களுக்கு அது வசதியான இருக்கை என்பதாலேயே அதன்மேல் எனக்கு ஐயம்.

பங்க் பின்னர் திரும்பி வந்தார். 2023 ஆகஸ்ட் 27 அன்று லண்டன் வெம்பிளி அரங்கின் பின்பகுதியில் ஜாக் பெரியுடன் மீண்டும் ஒரு மோதல். சில நாள்களில் பணிநீக்கம். 2024 ஏப்ரல் தொடக்கத்தில் அவர் ஒரு நேர்காணலில் அந்நிகழ்வைத் தம் பக்கத்திலிருந்து விவரித்தார். ஏப்ரல் 10 அன்று நிறுவனம் வெம்பிளிக் கண்காணிப்புக் கேமராவின் பதிவைத் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலேயே ஒளிபரப்பியது. யங் பக்ஸ் அதை, எஃப்.டி.ஆர். இணையுடன் ஏப்ரல் 21இல் நடக்கவிருந்த தங்கள் போட்டிக்கு முன்கதையாக ஆக்கிக்கொண்டனர். மோதல் மெய், பதிவு மெய், அதைச் சுற்றிய சட்டகம் வணிகம். அப்பதிவில் ஒலி இல்லை. ஒரு சொல்லும் கேட்காத அக்காட்சியைப் பற்றியும் விவாதம் அதே இரண்டு சொற்களில்தான் நடந்தது.